முதல் அடிக்கு முன்னால்

அந்தப் பிள்ளை சொன்னது முதல் அடி விழுவதற்கு முன்னாலா பின்னாலா என்பது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காவல் நிலையத்தில் ஒன்றைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் ஞாபகம் கலங்க ஆரம்பித்தது. சொன்னதுதான் நடந்தது போலவும், நடந்ததை வேறெங்கோ படித்தது போலவும் ஆகிவிட்டது. அதனால் நான் எழுதுவதில் அந்த ஓர் இடத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். மற்றதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.

என் பெயர் யூஜினியா. வயது ஐம்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. குடியிருப்பது புதுவயலில், அண்ணன் வளனோடு. அண்ணன் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மதினியின் பெயர் சலேத். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான், இமானுவேல். அவனை வளர்ப்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு தொழில் கிடையாது.

இமானுவேலுக்கு அப்போது பதினான்கு வயது. மீசை அரும்பியிருந்தது. காலையில் அவன் இயற்பியல் படித்துக்கொண்டிருக்கும்போது மதினி பக்கத்தில் நின்று இட்லியைப் பிய்த்து வாயில் வைப்பாள். அவன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறப்பான். ஷூவுக்கு நாடா கட்டிவிடுவது அண்ணன். பள்ளி வேன் நிற்கும் இடம் வாசலிலிருந்து எண்பது அடி இருக்கும். அதற்கு ஸ்கூட்டர். டாக்டராக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே டியூஷனுக்கு மேல் டியூஷன். நாளைக்கு மனிதர்களின் வயிற்றைத் திறக்கப்போகிறவனுக்குத் தன் சோற்று டப்பாவைத் திறக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் இதற்குப் பாசம் என்று பெயர்.

தம்பி பெனோ ஜெர்மனியில் இருக்கிறான். உல்ம் என்ற ஊர். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக வேலை. மனைவி மரிய அனிதா கோட்டையூர்ப் பெண். ஒரே மகள் வின்சி, ஏழு வயது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்டில், மாதா திருவிழாவை ஒட்டி நாலு வாரம் இருக்கிற மாதிரி வந்தார்கள்.

வந்து இறங்கிய அன்றே தொடங்கியது. மதினி கையை நீட்டிக்கொண்டு வின்சியைத் தூக்கப் போனாள். அனிதா குறுக்கே வந்து, "அக்கா, முதல்ல கேளுங்க" என்றாள்.

"என்னத்தக் கேக்க?"

"தூக்கலாமான்னு. அவ உடம்பு அவளோடது. நாங்களும் கேட்டுட்டுத்தான் தூக்குவோம்."

மதினி என்னைப் பார்த்தாள். "ஏழு வயசுப் பிள்ளைகிட்ட மனுக் குடுத்துட்டுத்தேன் தூக்கணுமாக்கும்" என்றாள். இருந்தாலும் கேட்டாள். வின்சி கொஞ்ச நேரம் யோசித்தாள். "இன்னைக்கு வேணாம் பெரியம்மா. நாளைக்குத் தூக்கலாம்" என்றாள்.

மதினி அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

பெனோவுக்கு ஒரு நோய் வந்திருந்தது. எதைப் பேசினாலும் "எங்க ஊர்ல" என்று தொடங்குவான். எங்க ஊர் என்று அவன் சொன்னது உல்மை. அங்கே பிள்ளை ஏழு மணிக்குத் தனி அறையில் தானாகத் தூங்கும். ஆறு வயதிலிருந்து தனியாகப் பள்ளிக்கு நடந்து போகும். பெற்றோர் காரில் கொண்டுவந்து விட்டால் பள்ளியிலிருந்து கடிதம் வரும். பிள்ளைக்கு எந்தக் காலுறை வேண்டும் என்பதைக்கூடப் பிள்ளையிடம்தான் கேட்பார்கள். இதையெல்லாம் அவனே கண்டுபிடித்ததைப் போலச் சொல்வான். இமானுவேலுக்கு ஊட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, இவனுக்குப் பல்லு கில்லு இருக்குல்ல?" என்று கேட்டான். "ஒனக்கு நாந்தேன் ஊட்டினேன், மறந்துறாத" என்றான் அண்ணன்.

அது பொய். பெனோவுக்கு யாரும் ஊட்டவில்லை. நாங்கள் ஐந்து பிள்ளைகள், இரண்டு பேர் சின்னதிலேயே இறந்துபோனார்கள். மிச்சம் மூன்று பேரும் ஐந்து வயதில் அரிசி மில்லு லாரிகளுக்கு நடுவே தனியாகத்தான் பள்ளிக்கு நடந்தோம். அதற்குச் சுதந்திரம் என்று பெயர் இல்லை. கூட அனுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான். அதை அனுபவித்த ஒருவன் பயத்தில் தன் மகனைத் துணிமூட்டையாகக் கட்டி வைத்திருந்தான். இன்னொருவன் அதையே ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்து எங்களுக்கு விற்க வந்திருந்தான். இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நான் மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். மனத்துக்குள் இருவருக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுதான் சரி. மேலே இருந்து பார்ப்பதாக ஒரு நினைப்பு.

வின்சி தானாகச் சாப்பிடுவாள். வயிறு நிறைந்ததும் நிறுத்திவிடுவாள். மதினியால் தாங்க முடியாதது இதுதான். ஒரு பிள்ளை தட்டில் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போவதும், அதைப் பெற்றவள் பார்த்துக்கொண்டு இருப்பதும்.

இரண்டாவது வாரம், ஒரு மத்தியானம். மதினி சன்னலோரம் நின்றுகொண்டு, "இன்னும் ஒரே ஒரு வாய்டா கண்ணு" என்றாள்.

"வயிறு நிறைஞ்சிருச்சு பெரியம்மா."

அப்போது தெருவில் மில்லு ஆட்கள் முறை மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். புதுவயல் அரிசி ஆலைகளில் இப்போது பாதிப் பேர் வடக்கேயிருந்து வந்தவர்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள மில்லில் அவர்களுக்கு மஞ்சள் பனியன் கொடுத்திருக்கிறார்கள். மதினி சன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். "அந்தா போறான் பாரு, மஞ்ச பனியன். அவன்தேன் பிள்ளை பிடிக்கிறவன். மிச்சம் வைக்கிற பிள்ளைகளைச் சாக்குல போட்டுக் கட்டிச் சைக்கிள்ல வச்சுக் கொண்டு போயிருவான்."

இதை அவள் கண்டுபிடிக்கவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். எங்கள் காலத்தில் குடுகுடுப்பைக்காரன் இருந்தான், அதன்பிறகு போலீஸ்காரன் இருந்தான். அவர்களெல்லாம் தெருவில் நடப்பது நின்றுபோன பிறகு அந்த வேலை மஞ்சள் பனியன்காரர்களுக்குப் போனது. அப்படி ஒரு வேலை பார்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. இமானுவேல் இந்த வைத்தியத்தில் வளர்ந்தவன். மீசை முளைத்த பிறகும் மஞ்சள் பனியனைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவான்.

வின்சி எழுந்து கை கழுவினாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். நாங்கள் சன்னலில் நின்று பார்த்தோம்.

"நீங்க பிள்ளை பிடிக்கிறவரா?" என்று கேட்டாள்.

அந்த ஆள் சைக்கிளிலிருந்து இறங்கினான். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். காதோரத்திலும் புருவத்திலும் உமித்தூசி. முதலில் புரியவில்லை. அவள் மறுபடி கேட்டாள். புரிந்ததும் சிரித்தான்.

"இல்லே, இல்லே. நான் மில்லு. மூட்டை தூக்குறது."

"பேர் என்ன?"

"லகன்."

"நான் வின்சி." கையை நீட்டினாள். அவன் தன் கையைப் பனியனில் இரண்டு தடவை துடைத்துவிட்டுக் கொடுத்தான்.

உள்ளே வந்து சொன்னாள். "அவர் பிள்ளை பிடிக்கிறவர் இல்லை. மூட்டை தூக்குறவர். பேரு லகன். நீங்க சொன்னது தப்பு பெரியம்மா."

அனிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெனோ, "கேட்டியாக்கா? கேட்டுத் தெரிஞ்சுக்கிறா பாரு" என்றான் என்னிடம். மதினி மிச்சச் சோற்றைத் தானே அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "ஆமா, களவாணிப்பயகிட்டப் போய் நீ களவாணியான்னு கேட்டா ஆமான்னுதேன் சொல்லுவான்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை அவன் போகும்போதும் வரும்போதும் வின்சி வாசலுக்கு ஓடுவாள். "லகன்!" என்பாள். அவன் சைக்கிள் மணியை இரண்டு தடவை அடிப்பான். சில நாள் நின்று பேசுவார்கள். அவளுடைய தமிழும் அரைகுறை, அவனுடையதும் அரைகுறை. எங்களோடு பேசும்போது திக்கித் திக்கிப் பேசுகிறவள் அவனோடு மடமடவென்று பேசினாள். நாங்கள் எல்லோரும் 'அவன்' என்றோம். அவள் மட்டும் 'அவர்' என்றாள். இதை நான் பார்த்தேன். மதினியும் பார்த்தாள். அண்ணனும் பார்த்தான். தெரியாது என்று எங்களில் யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது சனிக்கிழமை. அனிதா கோட்டையூரில் அவள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். சாயங்காலம் ஐந்தரை இருக்கும். காபி போடப் பால் இல்லை. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"நீங்க இருங்கண்ணே. வின்சி வாங்கிட்டு வருவா" என்றான் பெனோ.

"எதுக்குடா?"

"எங்க ஊர்ல சனிக்கிழமை காலையில பன் வாங்க அவதான் போவா. ஆறு வயசுலேருந்து."

"அது அங்குட்டு."

"பிள்ளை அதே பிள்ளைதானண்ணே?"

"ரோடு அதே ரோடு இல்லயடா."

அன்றைக்கு அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை அது. ஆனால் அண்ணன் அதோடு நிறுத்தவில்லை. இரண்டு வாரமாகப் பட்ட பேச்செல்லாம் அவனுக்குள் கிடந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். "சரி, அனுப்பு. ஒன் ஜெர்மனி வளப்ப இன்னைக்குப் பாத்துருவோம்" என்றான்.

பெனோ கைப்பேசியை எடுத்து நேரம் பார்த்தான். "பத்து நிமிஷம்" என்றான். படித்த இரண்டு மனிதர்கள். ஒருவன் வாத்தியார், ஒருவன் இன்ஜினியர். ஏழு வயதுப் பிள்ளையைப் பந்தயக் குதிரையாக ஓடவிட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வின்சிக்கு அது எதுவும் தெரியாது. மஞ்சள் கவுனைச் சரிசெய்துகொண்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு, "எத்தனை பாக்கெட்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினேன். கூடப் போகலாம் என்று தோன்றியது. அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்றும் தோன்றியது.

தெருமுனைக் கடை அன்றைக்குப் பூட்டியிருந்தது. கடைக்காரர் வீட்டில் ஒரு சாவு. எங்களில் யாருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. அவள் அவளாக முடிவெடுத்து மெயின் ரோட்டுக் கடைக்குப் போனாள். பாலை வாங்கிவிட்டாள். திரும்பும்போது வரிசையாக நின்ற நெல் லாரிகளுக்கு நடுவே தெரு தப்பிவிட்டது.

பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து. பெனோ கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போக அவன் தயார்தான், ஆனால் எழுந்தால் தோற்றதாகிவிடும். அண்ணனும் தயார்தான், ஆனால் தம்பி பிள்ளையைப் பற்றித் தனக்குத்தான் அக்கறை என்று காட்டும் சந்தர்ப்பம் இன்னும் ஐந்து நிமிஷம் முற்றட்டும் என்று இருந்தான். இருபத்தைந்து நிமிஷம் இப்படிப் போனது.

முதலில் உடைந்தது மதினி. "அட நாசமாப் போறவங்களா, பிள்ளையத் தேடுங்களேண்டா" என்று கத்திக்கொண்டே கைப்பேசியை எடுத்தாள். தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் பாண்டிமுருகன் நடத்துவது. குடிதண்ணீர் வருகிற நேரமும் கோயில் அறிவிப்பும் அதில்தான் வரும். மதினி அதில் பேசினாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"எங்க வீட்டுப் பாப்பாவக் காணாமுங்க. மஞ்சக் கவுனு போட்டுருக்கு. பின்னாடி மில்லுல வேலை பாக்குற இந்திக்காரன் ஒருத்தன் ரெண்டு வாரமா வாசல்ல நின்னு பாப்பாகிட்டப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தான். எல்லாரும் கொஞ்சம் பாருங்க, புண்ணியமாப் போகும்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பிள்ளைகளைச் சோறு தின்னவைப்பதற்காகச் சொன்ன கதையை, அது கதை என்று தெரிந்தே பத்து வருடம் சொன்னவள், அந்த நிமிஷம் அதை நம்பினாள். தெருவில் இருந்த எல்லா அம்மாக்களும் அப்பாக்களும் நம்பினார்கள். தாங்கள் ஊட்டியதைத் தாங்களே விழுங்கினார்கள். மூன்று நிமிஷத்தில் ஏழெட்டு பைக்குகள் கிளம்பின. அண்ணன் ஓட்ட, பெனோ பின்னால் உட்கார்ந்து போனான். நான் நடந்தேன்.

லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் ரோடு வளைகிறது. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது எதிரே லகனும் வின்சியும் வந்துகொண்டிருந்தார்கள். லகன் ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பால் பை சைக்கிளில் தொங்கியது. இன்னொரு கையால் வின்சியின் கையைப் பிடித்திருந்தான். அந்தப் பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, பிடித்துக்கொள்ளாமல் எப்படிக் கூட்டி வருவது. அவள் அவனிடம் என்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள். அழவில்லை. பயந்த முகமும் இல்லை.

பிறகு அவள் என்னிடம் சொன்னாள், அவர்கள் ஊரில் தெரியாதவர்களோடு போகக் கூடாது, தெரிந்தவர்களோடு போகலாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். லகன் தெரிந்தவர். பேர் சொல்லி, கை கொடுத்து அறிமுகமானவர். அவருக்கு இவள் வீடு தெரியும். அதனால் கேட்டாள். அவள் செய்ததில் எந்த இடத்திலும் தப்புக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

வேறு பக்கம் தேடிவிட்டுத் திரும்பிய பைக்குகள் வந்து அவர்களைச் சுற்றி நின்றன. அண்ணன் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்தான். வின்சி அவனைப் பார்த்துச் சிரித்தாள். "பெரியப்பா, கடை பூட்டியிருந்துச்சு. லகன்கிட்ட நான்தான் கேட்டேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு" என்றாள்.

அந்த இடம் இதுதான். ஹெல்மெட் லகனின் முகத்தில் இறங்கியது. இவை இரண்டும் எந்த வரிசையில் நடந்தன என்பதுதான் கேள்வி. நான் எழுதியிருக்கிற வரிசையில் அவள் முதலில் பேசுகிறாள், அதுவும் சிரித்துக்கொண்டு. அடி விழுந்த பிறகு எந்தப் பிள்ளை சிரிக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லோரும் அடித்தார்கள். எதற்கு அடிக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்து அடித்தவர்களும் இருந்தார்கள். பாண்டிமுருகன் சைக்கிளைத் தூக்கி அவன் மேல் போட்டான். பால் பாக்கெட் உடைந்து ரோட்டில் ஓடியது. பெனோ ஓடிவந்து வின்சியைத் தூக்கினான். தூக்கட்டுமா என்று கேட்கவில்லை. அவள் முகத்தைத் தன் தோளில் அழுத்தி, காதைக் கையால் மூடி, "பாக்காத, ஒண்ணுமில்ல, பாக்காத" என்றான். அவள் கால்களால் அவன் வயிற்றை உதைத்தாள். ஜெர்மன் மொழியில் கத்தினாள். பிறகு தமிழில். "கேளுங்க! அவர்கிட்டக் கேளுங்க! முதல்ல கேளுங்க!"

எனக்கும் அவர்களுக்கும் நடுவே பத்தடி இருக்கும். எனக்குக் குரல் இருக்கிறது. 'விடுங்கள், இவனைத் தெரியும்' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். ஒரு பெண் சொன்னால், அதுவும் அந்த வீட்டுப் பெண் சொன்னால், நின்றிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவன் அந்த முகத்தோடு வகுப்பில் பிள்ளைகளை அடித்த காலம் உண்டு, இப்போது சட்டம் விடுவதில்லை.

கடைசியில் தடுத்தது ஒரு லாரி டிரைவர். இரக்கத்தில் அல்ல. "வழிய விடுங்கடா, லோடு இறக்கணும்" என்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றான். கூட்டம் லாரிக்கு வழி விட்டது. விலகி நின்ற பிறகு யாருக்கும் திரும்பப் போய் அடிக்கத் தோன்றவில்லை. ரோட்டோரத்தில் லகன் உட்கார்ந்திருந்தான். இடது கண் இருந்த இடத்தைக் கையால் பொத்தியிருந்தான். மஞ்சள் பனியன் மஞ்சளாக இல்லை.

மில்லிலிருந்து ஆட்கள் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் எங்களைக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள்.

அன்று காலை சாப்பாட்டு மேசையைச் சுற்றி அனிதாவைத் தவிர எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அனிதா முதல் நாளே கோட்டையூரிலிருந்து வந்து, விஷயம் கேட்டு, அறையை விட்டு வெளியே வரவில்லை. "நாலு வருசத்துல ரிட்டயரு. கேஸுல பேரு வந்தா அன்னைக்கே சஸ்பெண்டு" என்றாள் மதினி. பிறகு பெனோவைப் பார்த்து, "ஒங்க பிள்ளைக்காகத்தேன போனாக தம்பி? நீங்கதேன் சொல்லணும்" என்றாள். பெனோ தலையை ஆட்டினான்.

இரண்டு பேர் கைப்பேசியில் படம் எடுத்திருந்தார்கள். இரண்டுமே முதல் அடி விழுந்த பிறகுதான் தொடங்குகின்றன, அண்ணன் அடிப்பது எதிலும் இல்லை. அதனால் அண்ணன் என்னிடம் திரும்பினான். "யூஜி, நீ அங்கதான நின்ன. பிள்ளை எப்பச் சொன்னுச்சு?"

நான் பேசுவதற்கு முன் அறைக்கதவோரம் நின்ற வின்சி பேசினாள். "முன்னாடி. பெரியப்பா என்னைப் பாத்தாரு. நான் சொல்லி முடிச்சேன். அதுக்கப்புறம்தான் அடிச்சாரு."

"சின்னப் பிள்ளைக்கு முன்னாடி பின்னாடி என்னடி தெரியும்" என்றாள் மதினி.

"தெரியும். போலீஸ்ல நானே சொல்றேன்."

"வின்சி, உள்ள போ" என்றான் பெனோ.

"ஏன்?"

"உன் நல்லதுக்குத்தான்."

அந்த வாக்கியம் எங்கள் அப்பாவுடையது. பன்னிரண்டு வருட ஜெர்மனிக்குக் கீழே பத்திரமாக இருந்திருக்கிறது. காலுறையின் நிறத்தைக் கேட்டுக் கேட்டு வளர்த்தவன், அவள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்க வேண்டிய ஒன்று வந்தபோது அறைக்கதவை வெளியிலிருந்து சாத்தினான். சாத்துவதற்கு முன் அவள் என்னைப் பார்த்தாள். "அத்தை, நீங்களும் இருந்தீங்க" என்றாள். காத்திருந்தாள்.

நான் அதிகம் பேசாதவள் என்று பெயர் எடுத்தவள். என் மௌனத்துக்கு அந்த வீட்டில் மரியாதை உண்டு. அதற்குள் ஏதோ இருப்பதாக நினைக்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு அந்தப் பிள்ளை பார்த்துவிட்டாள். இமானுவேல் இட்லிக்காக வாயைத் திறந்து வைத்திருந்தான்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் உதவி ஆய்வாளர். சின்ன வயது, பொறுமையான பெண். "பாப்பாகிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும் சார். வீட்டுக்கே வர்றேன், யூனிஃபார்ம் இல்லாம" என்றாள். பெனோ கையைக் கட்டிக்கொண்டு, "பிள்ளையை இதுல இழுக்காதீங்க மேடம். மனசு பாதிக்கும். நாங்க இருக்கிற ஊர்ல இதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆள் இருந்தாத்தான் பிள்ளைகிட்டப் பேசவே விடுவாங்க" என்றான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு நாடுகளில் எது எப்போது வசதியோ அதை எடுத்துக்கொள்ளும் சாமர்த்தியம் அவளுக்குப் புதிது போல.

பிறகு என்னிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மேடம். அந்த ஆளைப் பாப்பாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். வாசல்ல பேசுவாங்க. அவர் கடத்தல."

அதுவரை உண்மையைச் சொன்னேன். அதனால் லகன் மேல் வழக்கு இல்லாமல் போனது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு என்னை நான் நல்லவளாக எண்ணிக்கொள்ளப் பல தடவை முயன்றிருக்கிறேன்.

"பாப்பா அதைச் சொன்னது முதல் அடிக்கு முன்னாடியா பின்னாடியா?"

"பின்னாடி" என்றேன். "கூட்டத்துல யாரு முதல்ல அடிச்சதுன்னு தெரியல."

அவள் எழுதினாள். நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, அதைத் திருத்தச் சொன்னேன்.

மிச்சமிருந்த ஆறு நாளும் வின்சி வாசலுக்குப் போகவில்லை. யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. கிளம்புகிற அன்று மத்தியானம் மதினி சோறு வைத்தாள். வின்சி தட்டில் இருந்ததை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றாள். இன்னும் வைத்தாள், அதையும் தின்றாள். வேண்டாம் என்று சொல்லவே இல்லை. மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பத்தேன் நம்ம பிள்ளை மாதிரி இருக்கு" என்றாள். தூக்கினாள், கேட்காமல். வின்சி மரக்கட்டை போல இருந்தாள். இறக்கிவிட்டதும் போய்க் காரில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆகிறது.

லகனுக்கு இடது கண் போய்விட்டது. மூன்று வாரம் மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஜார்க்கண்டில் உள்ள தன் ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை. பாண்டிமுருகன் உட்பட மூன்று பேர் மீது வழக்கு நடக்கிறது. அண்ணன் பெயர் அதில் இல்லை. அவன் இப்போது தலைமையாசிரியர். மதினிக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள். இமானுவேல் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் மஞ்சள் பனியனைக் காட்டித்தான் ஊட்டுகிறார்கள். அனிதா எங்கள் யாரோடும் பேசுவதில்லை. வின்சிக்கு ஒன்பது வயது. தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று பெனோ சொன்னான். காலையில் அவளைப் பள்ளிக்குக் காரில் அவன்தான் கொண்டுபோய் விடுகிறான். பள்ளியிலிருந்து இரண்டு கடிதம் வந்ததாம். நான் அதே வீட்டில் இருக்கிறேன். என் வாக்குமூலத்தை மாற்றவில்லை.